கண்ணாடியம்மா வாங்கிய கேமரா

ஒத்திகையில் எடுத்த படங்களைக் கண்ணாடியம்மா பஸ்ஸில் வரும்போதே பார்த்துவிட்டாள். கைபேசித் திரையில் மேடை இருந்தது, மேசை இருந்தது, மேசைக்குப் பின்னால் நின்ற ஆளின் சட்டைப் பொத்தான் வரை இருந்தது. முகத்தை மட்டும் காணோம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்த மாவை உருட்டி வைத்தாற்போல ஒரு வெள்ளை உருண்டை. அடுத்த படத்திலும் அதே உருண்டைதான்.

"யாரு யாருன்னே தெரியல. எல்லாரும் ஒரே ஆள் மாதிரி இருக்காங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரிடம் காட்டினாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. என்னை ஏன் அழகா எடுக்கலைன்னு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. கைபேசியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். "நான் ஒரு கேமரா வாங்கப் போறேன்."

"வாங்கு. ஆனா என் தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார் அவர்.

கண்ணாடியம்மா என்பது கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதித்து, ஃப்ரேம் பொருத்தி, காதுக்குப் பின்னால் உறுத்தாமல் வளைத்துக் கொடுப்பது அவள் வேலை. கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். வேலை முடிந்த கையோடு கிரீஸைக் கழுவிவிட்டு ஒரு நாடகக் குழுவுக்கு விளக்குப் போடப் போய்விடுவார். சம்பளமில்லாத வேலை. துணைக்கு என்று கூடப் போனவள்தான் கண்ணாடியம்மா. போன இடத்தில் சும்மா உட்கார முடியாமல் படம் எடுக்கத் தொடங்கி, இப்போது அவர் வராத நாளிலும் இவள் போவதென்று ஆகிவிட்டது.

நாடகத்தைவிட அவளுக்குப் பிடித்தது நடிப்பவர்கள் நடிக்காமல் இருக்கும் நேரம். மேடை ஓரத்தில் ஒருவர் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே செருப்பைத் தேடுவார். இன்னொருவர் தன் முறைக்குக் காத்திருந்து கொட்டாவி விடப் போய், பாதியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அப்படியே வாயை மூடிக்கொண்டு ஓடுவார். அந்த அரைக் கொட்டாவியைப் பிடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. ஒத்திகை நடக்கும் கூடமோ பழைய நூலகத்தின் மாடி. இருக்கிற விளக்கெல்லாம் சேர்ந்தும் எதிரில் நிற்பவரை அடையாளம் காட்டினால் பெரிது.

தம்பியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கொழுந்தன் வீட்டுக்குப் போன இடத்தில் அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது.

கொழுந்தனுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, கேமராவில் உயிர். வரவேற்பறையில் கண்ணாடி போட்ட அலமாரி ஒன்று வைத்திருந்தான். உள்ளே ஈரப்பதம் காட்டும் சின்ன முள். தட்டுத் தட்டாக லென்ஸ்கள், குழந்தைகளைத் தூங்க வைத்தது போலத் துணி விரித்துப் படுத்திருந்தன. புதிதாக எது வந்தாலும் அவனுக்கு முதலில் தெரியும். வந்த கொஞ்ச நாளில் அது அலமாரிக்கும் வந்துவிடும். அதை வைத்து அவன் எடுத்தது பெரும்பாலும் எதிர்வீட்டுச் செங்கல் சுவர். ஓரத்துச் செங்கலும் நடுச் செங்கலைப் போலத் தெளிவாக விழுகிறதா என்று பார்ப்பான். விழுந்தால் அன்று முழுவதும் நல்ல மனநிலையில் இருப்பான்.

"எங்க வீட்ல குடும்பப் படம் அதிகமா இருக்கறது அந்தச் சுவருக்குத்தான் அக்கா" என்பாள் அவன் மனைவி. கண்ணாடியம்மாவின் ஓரகத்தி. கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிறவள், இந்த நாடகக் குழுவில் நடிப்பவளும்கூட.

கேமரா என்ற சொல் காதில் விழுந்ததும் கொழுந்தன் சாப்பாட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, வாங்கறதுன்னா ஒரே தடவையா வாங்கிடணும். இதுக்கு மேல ஒண்ணு இல்லங்கற மாதிரி."

"அடுத்த வருஷம் அதுக்கு மேல ஒண்ணு வராதா?"

"வரும்."

"அப்ப?"

"அப்ப அத வாங்கணும்" என்றான் அவன், இதில் என்ன சந்தேகம் என்பது போல.

கணவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

கொழுந்தனைக் கஞ்சன் என்று யாரும் சொல்ல முடியாது. கிளம்பும்போது அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே பெரியதை எடுத்து, தடித்த லென்ஸ் ஒன்றையும் மாட்டி அண்ணியின் கையில் கொடுத்தான். "வெச்சுப் பாருங்க. அப்புறம் வேற எதையும் கையால தொட மாட்டீங்க."

அடுத்த ஒத்திகைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனாள். கழுத்தில் மாட்டினால் கழுத்து முன்னால் சாய்ந்தது. தோளில் போட்டால் வருகிறவர் போகிறவரை எல்லாம் இடித்தது. கடைசியில் கைக்குழந்தையை இடுக்கிக்கொள்வது போல இடுப்போடு அணைத்துக்கொண்டு முன்வரிசை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அது நாலு பேர் கண்ணில் படாமல் இருக்குமா? கதாநாயகனாக நடிப்பவர் ஆம்புலன்ஸ் டிரைவர். தொப்பை கொஞ்சம் உண்டு. அந்த லென்ஸ் தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளினார். தள்ளிய வயிற்றோடு வசனம் பேசினால் குரல் எப்படி வரும்? கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. இவள் பொத்தானை அழுத்தினாள். கட்டையால் கதவைத் தட்டியது போல ஒரு சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

நாடகத்தை இயக்குகிற மருந்துக்கடைக்காரர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். "யாரு கதவத் தட்டறது? போய்த் தெறங்க."

"கதவு இல்ல சார், இவங்கதான்" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர், வயிற்றை விடாமலே.

அதற்குப் பிறகும் சில படங்கள் எடுத்தாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது, சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. இமை முடியை எண்ணலாம். ஆனால் ஒரு முகமாவது தன்னை மறந்து இருக்க வேண்டுமே. எல்லாரும் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்தவர்களைப் போல இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேமராவைத் துடைத்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். "ரொம்ப நல்ல கேமரா தம்பி. எனக்கு இது வேண்டாம்."

கொழுந்தனுக்குப் புரியவில்லை. நல்லது என்கிறாள், வேண்டாம் என்கிறாள். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறாளே என்று பார்த்தான்.

அவளுக்கு அதில் குழப்பம் எதுவும் இருக்கவில்லை. கடையில் தினமும் நடப்பதுதான். அன்று காலையில்கூட ஒருவர் வந்து, தூரமும் தெரிய வேண்டும், கிட்டமும் தெரிய வேண்டும், கம்ப்யூட்டரும் தெரிய வேண்டும், வெயிலில் கறுக்க வேண்டும், இருப்பதிலேயே உசத்தியாகக் கொடுங்கள் என்று நின்றார். அவரை உட்கார வைத்து, "நாள் முழுக்க நீங்க எதப் பாத்துட்டு இருப்பீங்க?" என்று கேட்டாள். துணி தைக்கிறவர். அப்புறம் என்ன, கைக்கெட்டும் தூரத்துக்கு ஒரு கண்ணாடி. மனிதர் போட்டுப் பார்த்துவிட்டுத் தன் சட்டையில் இருந்த தையலையே குறை சொல்லிக்கொண்டு போனார்.

அதே கேள்வியை டீ குடிக்கும்போது தன்னிடமே கேட்டுக்கொண்டாள். நான் என்ன பார்க்கிறேன்? மங்கலான வெளிச்சத்தில், பக்கத்தில் இருக்கிற முகங்களை. அப்படியானால் இருட்டில் கண் தெரிகிற கேமராவாக இருக்க வேண்டும். சத்தமே வரக் கூடாது. எடுத்தால் பையில் ஏதோ தேடுகிறாள் என்று பிறர் நினைக்கிற அளவில் இருக்க வேண்டும். பறவையை எடுக்கப் போவதில்லை, ஓட்டப்பந்தயத்தை எடுக்கப் போவதில்லை, மழையில் நிற்கப் போவதில்லை. யோசிக்க யோசிக்க, தேவையில்லாதது ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. டீ முடிவதற்குள் கேமரா எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எந்தக் கம்பெனி, என்ன பெயர் என்பதுதான் தெரியவில்லை. அது கடைக்காரர் பாடு.

பழைய கேமராக்களை வாங்கி விற்கிற கடை ஒன்று ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் இருந்தது. கணவரையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் சுறுசுறுப்பானவர். முதலில் புத்தம் புதிதாக வந்ததை எடுத்து மேசைமேல் வைத்து, அது என்னவெல்லாம் செய்யும் என்று ஆரம்பித்தார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் இவள் கேட்டாள்.

"உங்க கடையில இருட்டான எடம் எங்க இருக்கு?"

"எதுக்கும்மா?"

"அங்க வெச்சுத்தான் எடுத்துப் பாக்கணும்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய ஒரு சிறிய அறை. அழுது வடிகிற ஒரு பல்பு. கண்ணாடியம்மா கணவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தப் பல்புக்குக் கீழே நிறுத்தினாள்.

"நான் என்ன பண்ணணும்?" என்றார் அவர்.

"வழக்கமா எப்படி இருப்பீங்களோ அப்படி இருங்க. எரிச்சலா."

"எனக்கு எங்க எரிச்சல்? நீ கூப்ட்ட எடத்துக்கெல்லாம் வந்துட்டுதானே இருக்கேன்" என்று அவர் எரிந்து விழ, அதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நீட்டினார். ஒன்று கைக்கு அடங்கியது, ஆனால் இருட்டில் முகத்தைச் சேற்றில் முக்கியெடுத்தது. ஒன்று படம் பிரமாதமாக எடுத்தது, ஆனால் சத்தம். அவள் ஒவ்வொன்றையும் காதோடு ஒட்டி வைத்துப் பொத்தானை அழுத்திக் கேட்டாள். கடிகாரம் ஓடுகிறதா என்று பார்ப்பவளைப் போல. கடைசியில் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து வந்தது ஒரு சின்னக் கேமரா. மூலையில் கறுப்பு வண்ணம் தேய்ந்து உள்ளே இருந்த உலோகம் தெரிந்தது. லென்ஸ் உடம்போடு சேர்ந்தே இருந்தது, கழற்ற முடியாது. காதில் வைத்து அழுத்தினாள். கண் சிமிட்டினால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவுதான். படத்தில் கணவரின் முகம் இருந்தது, முகத்தில் எரிச்சலும் குறையாமல் இருந்தது.

"இது ரொம்பப் பழசும்மா. இதுக்கப்புறம் இதே வரிசையில ரெண்டு வந்தாச்சு" என்றார் கடைக்காரர். நேர்மையான ஆள். "அதோட இதுல ஜூம் கிடையாது. தூரத்துல இருக்கறது தூரத்துலயேதான் இருக்கும்."

"நான் உக்கார்ற நாற்காலி எங்கயும் போகாதுங்க. இதக் குடுங்க."

வெளியே வந்ததும் கணவர் கேட்டார், "இன்னொரு கடையும் பாத்திருக்கலாமோ?"

"எதுக்கு? தேடினது கெடச்சிருச்சே" என்று அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

செய்தி கேட்டு வந்த கொழுந்தன் துக்கம் விசாரிக்க வந்தவனைப் போல உட்கார்ந்திருந்தான். கேமராவை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். கைபேசியில் அதைப் பற்றி யார் யாரோ எழுதியிருந்ததை எல்லாம் தேடி எடுத்து வாசித்தான்.

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணி."

"கேட்டேனே. நீ குடுத்தத வெச்சுப் பாத்ததுலதான் எனக்கு எது வேண்டாம்னு தெரிஞ்சுது. இல்லன்னா முழிச்சிட்டுதான் இருந்திருப்பேன்."

"இதுல ஃபோகஸ் மெதுவா வரும்."

"தெரியும். கடையிலயே பாத்தேன்."

"மூலையெல்லாம் தெளிவா விழாது."

"மூலையில யாரு தம்பி நிக்கப் போறா?"

அவன் டீயைக் குடித்துவிட்டுப் பெருமூச்சோடு போனான்.

வாங்கியதும் எல்லாம் கூடிவந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். முதல் ஒத்திகையில் எடுத்ததில் பாதி முதுகு, மீதி முழங்கை. ஃபோகஸ் வருவதற்குள் சிரித்தவர்கள் சிரித்து முடித்திருந்தார்கள். கணவர் மேடைக்குச் சிவப்பு விளக்குப் போட்டதும் எல்லாரும் வேகவைத்துப் பிழிந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். அவளுக்குச் சலிப்பு வரவில்லை. புதுக் கண்ணாடி போட்டவருக்குப் படி ஏறி இறங்கக் கொஞ்ச நாள் தடுமாறத்தான் செய்யும். மாற்ற வேண்டிய அவசரமில்லை, பழக வேண்டும். மெள்ள மெள்ள ஒரு வழி பிடிபட்டது. மேடை மேசையின் விளிம்பில் முன்கூட்டியே ஃபோகஸை நிறுத்திவைத்துக்கொள்வாள். யாராவது அந்த விளிம்புக்கு வரும்வரை காத்திருப்பாள். வந்ததும் ஒரே அழுத்து.

நாளாக ஆக, அவள் அங்கே இருப்பதே எல்லாருக்கும் மறந்துபோனது. ஆம்புலன்ஸ் டிரைவர் வயிற்றைத் தளர்த்திவிட்டுக் மடியில் பைக் ஹெல்மெட்டை மகுடம்போல வைத்துக்கொண்டு தூங்கினார். மருந்துக்கடைக்காரர் பேனா மூடியைக் கடித்துத் துப்பிவிட்டு, துப்பியதை யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்தார். அரைக் கொட்டாவிகூட ஒன்று கிடைத்தது.

அவர்கள் போடவிருந்த நாடகம், தொலைந்துபோன பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் நடக்கிறது. கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் அலுவலராக ஓரகத்தி. யார் என்ன சொன்னாலும் முகத்தில் ஓர் அசைவு காட்டாத, கண்டிப்பான ஆள். தொலைக்காத குடையைத் தொலைத்ததாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர் ஆம்புலன்ஸ் டிரைவர். அன்றைய ஒத்திகையில், குடை என்ன நிறம் என்று ஓரகத்தி கேட்க, அவருக்கு வசனம் மறந்துவிட்டது. மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "மழையில நனையாத குடைங்க" என்றார்.

மருந்துக்கடைக்காரர் நிறுத்தச் சொல்லவில்லை. ஓரகத்தி நிறுத்தவும் மாட்டாள், அவள் அப்படி. சிரிப்பு நெஞ்சிலிருந்து கிளம்பி மேலே வருவது தெரிந்தது. இரண்டு கையாலும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். உதட்டை மடித்துக் கடித்தாள். முகம் கண்டிப்பாகத்தான் இருந்தது, கண் இரண்டும் மட்டும் தளும்பி நின்றன. கண்ணாடியம்மா அழுத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த நொடி ஓரகத்தி வெடித்துச் சிரித்து மேசைமேல் கவிழ்ந்தாள், கூடமே சேர்ந்து சிரித்தது.

அந்தப் படத்தைக் கொழுந்தன் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் முதலில் பெரிதாகப் பார்த்தார்கள். வழக்கம்போல அவன் அதைப் பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான், ஒரு கண் மட்டும் திரை முழுக்க நிற்கும்வரை விடவில்லை.

"பாருங்க அண்ணி, எல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு."

"இருக்கும்."

அவன் மெதுவாகச் சின்னதாக்கிக்கொண்டே வந்தான். கண், பிறகு மூக்கு, மடித்த உதடு, மேசையைப் பிடித்த விரல்கள். முழுப் படமும் வந்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"இது எப்ப எடுத்தது?"

"அவ சிரிப்ப அடக்கினப்ப."

"இவ சிரிப்ப அடக்கினா இப்படியா இருப்பா?"

சமையலறையிலிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது. "உங்ககிட்ட பேசறப்ப எனக்குச் சிரிப்பு வந்தாத்தானே அடக்கறதுக்கு."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனாலும் கொழுந்தன் திரையைவிட்டுத் திரும்பவில்லை. கண்ணாடியம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். சில நேரம் ஒருவரைத் தனியாகப் பார்க்க விட வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் அந்தப் படத்தைப் பார்த்ததும் போஸ்டர் இதுதான் என்று சொல்லிவிட்டார். நூலக வாசலில், கதவு உயரத்துக்கு. கொழுந்தன் பதறிப்போனான். கடைக்கே தேடி வந்தான்.

"அவ்வளவு பெரிசாக்கினா படம் தாங்காது அண்ணி. மானம் போயிடும். என் கேமராவுல இன்னொரு தடவை அதே மாதிரி எடுத்துடலாம்."

"அதே மாதிரி இன்னொரு தடவை அவருக்கு வசனம் மறக்கணுமே."

"மறக்கச் சொல்லலாம்."

அவனே சொல்லிவிட்டு, சொன்னது எவ்வளவு அபத்தம் என்று புரிந்து வாயை மூடிக்கொண்டான்.

போஸ்டர் ஒட்டிய அன்று மதியம் இருவரும் போய்ப் பார்த்தார்கள். கொழுந்தன் நேராகப் போய் மூக்கு உரசுகிற தூரத்தில் நின்றான். "நான் சொன்னேன்ல. புள்ளி."

கண்ணாடியம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம். கடையில் கண் சோதிக்க வருகிறவர்களை நிறுத்துவதுபோல அவனை ஓர் இடத்தில் நிறுத்தித் தோளைத் திருப்பினாள்.

"இப்பப் பாரு. போஸ்டர மூக்கால யாரும் பாக்கறதில்ல தம்பி."

அங்கிருந்து புள்ளியைக் காணோம். இருந்ததெல்லாம் ஒரு பெண்ணும், அவள் அடக்கி வைத்திருந்த சிரிப்பும்தான். கைநிறையச் சாமான் பையோடு வந்த ஓர் அம்மாள் போஸ்டரின் முன் நின்றார். முதலில் சும்மா பார்த்தார். பிறகு அவர் உதடும் மடிந்தது. என்ன ஏது என்று தெரியாமலே சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

கொழுந்தன் அந்த அம்மாள் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

நாடகம் நடந்த சாயங்காலம் கூடத்தில் நாற்காலி போதவில்லை. கொழுந்தன் இரண்டு பைகளோடு வந்து கடைசி வரிசையில் இடம் பிடித்தான். முதல் பாதி முழுக்க லென்ஸ் மாற்றுவதிலேயே போய்விட்டது என்று பிறகு அவனே சொன்னான். ஆனால் இரண்டாம் பாதியில், நீளமான லென்ஸ் ஒன்று மாட்டியபோது, ஓரகத்தியின் கடைசிப் பேச்சு வந்தது. அவள் மேடையின் மறுகோடிக்குப் போய், அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று பேசினாள். முன்வரிசை ஓரத்தில் இருந்த கண்ணாடியம்மாவுக்குக் கிடைத்தது முதுகுதான். கடைசி வரிசையில் அந்தக் கோடியில் இருந்த கொழுந்தனுக்கு முகம் கிடைத்தது. அவன் மனைவியின் முகம். அவளுக்குப் பின்னால் இருட்டு, கன்னத்தில் அண்ணன் போட்ட விளக்கின் ஒரு கோடு.

மறுநாள் அதைக் காட்டியபோது கண்ணாடியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லவும் அவளுக்கு விருப்பமில்லை.

"இது என் கேமராவுல வராது தம்பி."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "வருத்தமா இல்லையா?"

"வராதுன்னு தெரிஞ்சுதானே வாங்குனேன். எனக்கு எதுக்கு வருத்தம்? நீ எடுத்துட்டியே."

அவன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தான், பிறகு கையில் இருந்த படத்தை. அண்ணி தன்னைச் சமாதானப்படுத்துகிறாளோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை.

நாடகம் முடிந்த வாரமே வேறு ஒரு குழுவிலிருந்து கண்ணாடியம்மாவைத் தேடி ஒரு பெண் கடைக்கு வந்தாள். போஸ்டரைப் பார்த்தாளாம். அவர்கள் பூங்காவில் திறந்த வெளியில் நாடகம் போடப் போகிறார்கள். மேடை பெரியது, கூட்டத்துக்கும் மேடைக்கும் நடுவே புல்வெளி, பட்டப்பகலில் நடக்கும். நீங்கள்தான் எடுத்துத் தர வேண்டும் என்றாள்.

ஆசையாகத்தான் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது? தேடிவந்து கேட்கிறார்கள். ஆனாலும் கண்ணாடியம்மா யோசிக்கவில்லை.

"அதுக்கு என் கேமரா ஆகாதும்மா. புல்வெளிக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்தா மேடையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அதுக்குன்னே ஒருத்தர் இருக்கார். கூட்டிட்டு வர்றேன்."

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் கொழுந்தனுக்கு முகம் வெளிறிப்போனது. "நான் இதுவரைக்கும் யாருக்கும் எடுத்துக் குடுத்ததில்ல அண்ணி."

"அவங்களையும் இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லயாம். சரியாப் போச்சு."

"நல்லா வரலைன்னா?"

"ஒத்திகை இருக்கு. அன்னிக்குப் போய்ப் பழகு. யாரு வேண்டாம்னா?"

ஒத்திகைக்கு நான்கு பேரும் போனார்கள். தன் காரிலிருந்து இறங்கும்போது கொழுந்தன் இரண்டு பைகளையும் எடுத்தான். அவன் மேடையைப் பார்த்தான், புல்வெளியைப் பார்த்தான், காற்றில் படபடக்கும் திரையைப் பார்த்தான். வெகுநேரம் அப்படியே நின்றான். பிறகு ஒரு பையைத் திரும்பக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு, நீள லென்ஸோடு மட்டும் நடந்தான்.

கொஞ்ச நேரத்தில் வியர்த்து வழியத் திரும்பி வந்தான். "அண்ணி, அவங்க ஓடறாங்க. பிடிக்க முடியல. என்ன பண்றது?"

"எனக்கு எப்படித் தெரியும்? என் கேமராவுல ஓடறவங்கள எடுத்ததே இல்ல. உன் கேமரா, உனக்குத்தான் தெரியும்."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். உண்மையாகவே அவளுக்குத் தெரியாது என்பது புரிந்தது. கேமராவில் எதையோ திருப்பினான், மறுபடி திருப்பினான். இத்தனை வருஷம் படித்ததெல்லாம் அப்போதுதான் கைக்கு வந்திருக்க வேண்டும். புல்வெளிக்கு ஓடினான். முதலில் நின்றான், பிறகு மண்டியிட்டான், கடைசியில் அலுவலகத்துச் சட்டையோடு குப்புறப் படுத்துவிட்டான். ஒரு தடவைகூடக் கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்க்கவில்லை.

ஓரகத்தி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அவர இப்படி ஒரு படம் எடுங்களேன்."

கண்ணாடியம்மா புல்லில் நடந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவனுக்கு அவள் வந்ததே தெரியவில்லை. ஒரு முறை அழுத்தினாள். சாயங்காலம் பார்த்தபோது தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது, ஒரு பக்கத்துச் செருப்பையும் காணோம். இருந்த பாதி முகம் மட்டும் தன்னை மறந்திருந்தது. வேறு ஒன்று எடுத்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று சொல்லிக் கொழுந்தன் அதை வாங்கிக்கொண்டு போனான்.